அதிக தடவை அழுத்திய அம்மா

அலுவலகத்தில் அவனுக்குக் கருத்து என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதைப் படிக்கும் அளவுக்கு யாரும் கிட்டே வருவதில்லை. வந்தால் எதைப் பற்றியாவது ஒரு கருத்தைச் சொல்லிவிடுவான்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அந்தத் தொழிலின் மேல் அவனுக்குத் தீராத எரிச்சல் உண்டு, விட்டுப் போக முடியாத பிரியமும் உண்டு. "குழாயைத் திறந்தா தண்ணி வரணும். குழாய் நம்மகிட்ட நலம் விசாரிக்கக் கூடாது" என்பது அவனுடைய முதல் கருத்து. உலகத்தில் எழுதப்படும் நிரல்களில் பாதி, மீதிப் பாதி செய்த சேதத்தைச் சரிசெய்ய எழுதப்படுகிறது என்பது இரண்டாவது. எந்தப் பொருளுக்கு முன்னால் 'புத்திசாலி' என்று அடைமொழி போடுகிறார்களோ அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்பது மூன்றாவது. இப்படியே போகும்.

வேறு இடமாக இருந்தால் வாயாடி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவன் வேலை பார்த்த இடத்தில் வாசலில் நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு வாசகம் எழுதியிருந்தது: 'கருத்து வேண்டாம், எண் கொண்டு வா.' ஒவ்வொரு கூட்டமும் எல்லோரும் எழுந்து நின்று அதை ஒருமுறை படித்த பிறகுதான் தொடங்கும். படித்து முடித்ததும் எல்லோரும் ஒருதரம் அவனைப் பார்ப்பார்கள்.

அந்தக் கம்பெனி 'கைத்தாங்கல்' என்ற ஆப்பை நடத்தியது. நடக்க முடியாதவர்கள், அறுவை சிகிச்சை ஆனவர்கள், வயதானவர்கள் தங்கள் போனில் அதைத் திறந்து, 'வண்டி வேண்டும்' என்று எழுதிய பச்சைப் பட்டனை அழுத்தினால், சக்கர நாற்காலி ஏறும்படி சாய்தளம் வைத்த வண்டி வாசலுக்கு வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும். நல்ல காரியம்தான். நிறுவனர் தன் தந்தை ஒரு நாள் வண்டி கிடைக்காமல் பட்ட அவஸ்தையைப் பார்த்து இதைத் தொடங்கியதாக எல்லா மேடையிலும் கண் கலங்கச் சொல்வார். தந்தைக்கு இப்போது சொந்தமாகக் காரும் அதற்கு ஓட்டுநரும் இருப்பதால் அவர் இந்த ஆப்பைப் பார்த்ததில்லை.

எதையும் சோதித்துப் பார்க்காமல் செய்வதில்லை என்பது அந்த இடத்தின் பெருமை. ஆட்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு ஒன்று, மறு பாதிக்கு இன்னொன்று. எது அதிக எண்ணைக் கொடுக்கிறதோ அது வென்றது. இதற்கென்று சோதனை மன்றம் ஒன்று இருந்தது. அதற்குக் கை ஓயாத வேலை. காப்பி இயந்திரம் பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்குப் போடவில்லை. ஒருமுறை தீயணைப்புப் பயிற்சியில் பாதித் தளத்துக்கு அபாய மணி, பாதித் தளத்துக்குப் புல்லாங்குழல். புல்லாங்குழல் கேட்டவர்கள் எழுந்திருக்கவே இல்லை, அன்று அதிக வேலையும் முடித்தார்கள். அதிலிருந்து அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தால் புல்லாங்குழல்தான்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு திங்கட்கிழமை காலை நிறுவனர் எல்லோரையும் கூட்டி வைத்து வருத்தப்பட்டார்.

"எனக்குத் தூக்கமே இல்ல" என்றார். "நம்ம ஆப்பைத் திறக்கிறாங்க. பச்சைப் பட்டனை அழுத்துறாங்க. வண்டி வருது. ஏறிப் போயிடறாங்க. அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நம்மகூட இருந்துட்டுப் போவோம்னு யாருக்கும் தோணல. வேலை முடிஞ்சா அப்படியே போயிடறதுக்கு நாம என்ன வண்டிக் கம்பெனியா?"

"ஆமா" என்றான் கருத்து.

சோதனை மன்றத்தின் தலைவி சுவரில் இருந்த வாசகத்தைக் காட்டினார். அவர் அதிர்ந்து பேசாதவர். தான் வருத்தப்படாமல் யாரையும் வருத்தப்பட வைக்கக்கூடியவர். பிறகு எழுந்து, தானே கண்டுபிடித்த உண்மையை வெளியிட்டார்.

"பிரச்சினை எங்க இருக்குன்னு தேடினோம். பட்டன்லதான் இருக்கு. பட்டனை அழுத்துற வரைக்கும் நம்மகூட இருக்காங்க. அழுத்தின உடனே போயிடறாங்க. அவங்களை நம்மகிட்டேருந்து பிரிக்கிறது அந்தப் பட்டன்தான்."

அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. நிறுவனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பட்டன் இல்லையென்றால் வண்டி எப்படி வரும் என்று கருத்து கேட்டான். அது வேறு டீமின் கேள்வி என்று பதில் வந்தது.

அன்று மதியமே நிரல் எழுதும் வேலை அவனிடம் வந்து சேர்ந்தது. தப்பு என்று தெரிந்தது. தப்பு என்று சொல்லவும் சொன்னான். எண் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றான், உட்கார்ந்து எழுதினான். ஒவ்வொருவருக்கும் நிரல் தனக்குள் ஒரு காசைச் சுண்டிப் போடும். பூ விழுந்தால் பச்சைப் பட்டன் எப்போதும் போல இருக்கும். தலை விழுந்தால் பட்டன் இருந்த இடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள், கீழே 'தண்ணீர் நிறையக் குடியுங்கள்' என்று இருக்கும். சுத்தமாக, ஒரு பிழை இல்லாமல் எழுதினான். அந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன்.

மறுநாள் காலை அம்மா போன் பண்ணினாள்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரை மீதிப் பாதியோடு இணைத்துவிட்டவள் என்ற கர்வம் அவளுக்கு உண்டு. அப்பா போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. அதை மடக்கி நீட்டப் பழக்குவதற்கு வாரம் மூன்று தடவை மருத்துவமனைக்குப் போக வேண்டும். "அழகா மடங்கிட்டு வருது. இப்ப விட்டீங்கன்னா அப்படியே இறுகிடும். அப்புறம் திரும்பவும் கத்தி வைக்கணும்" என்று பயிற்சி கொடுப்பவர் எச்சரித்திருந்தார். மகன் வேலை செய்யும் கம்பெனி வண்டி என்று பெருமையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"டேய், என் போன்ல பட்டனைக் காணோம்டா" என்றாள்.

அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"எந்தப் பட்டன்மா?"

"பச்சைப் பட்டன்தான். ராத்திரி தூக்கக் கலக்கத்துல எங்கயோ கை பட்டு அழிச்சிட்டேன் போல. அங்க இப்ப எவளோ ஒருத்தி சிரிச்சிட்டு நிக்கிறா. யாருடா அவ?"

நான்தான்மா எடுத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை. "பாக்குறேன்மா" என்றான். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனை வைத்தாள். கண் சரியில்லை, கை சரியில்லை, வயசாகிவிட்டது என்று அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவனுக்கு உறைத்தது.

அன்று மாலை நேராக அம்மா வீட்டுக்குப் போனான். அவனுடைய போனில் பச்சைப் பட்டன் இருந்தது. அவனுக்குப் பூ விழுந்திருந்தது. ஆனால் மருத்துவமனை ஒப்புதல் கொடுத்த கணக்குக்குத்தான் வண்டி வரும், அந்த ஒப்புதல் அம்மாவின் கணக்கில்தான் இருக்கிறது. சரி என்று தன் போனிலேயே அம்மாவின் கணக்கைத் திறந்தான். அவன் கண் முன்னாலேயே பச்சைப் பட்டன் மறைந்து வெள்ளைக் கோட்டுப் பெண் சிரித்தாள். எந்த போனில் திறந்தாலும் ஏமாற்ற முடியாதபடி அவனேதான் எழுதியிருந்தான்.

உதவி எண்ணுக்கு அழைக்கலாமென்றால், அதைப் போன வருஷமே ஒரு சோதனை விழுங்கிவிட்டது. தன் சின்னக் காரில் ஏற்றிப் பார்த்தான். முழங்கால் மடங்கினால்தான் காரில் ஏற முடியும், காரில் ஏறிப் போனால்தான் முழங்கால் மடங்கும். அம்மா கதவைப் பிடித்தபடி பாதி உள்ளே பாதி வெளியே நின்று, "விடுடா, வலிக்குது" என்றபோது அவன் விட்டுவிட்டான்.

கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். இடுப்பு எலும்புக்காக அதே மருத்துவமனைக்கு, அதே வண்டியில் போகிறவர். அவர் தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். பட்டன் பச்சையாக, செழிப்பாக இருந்தது.

"எனக்கு இருக்கே அக்கா" என்றார் டீச்சர். குரலில் அனுதாபம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. "நீங்க ஏதாவது தப்பா அழுத்தியிருப்பீங்க. திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்க, வந்துடும்."

அம்மா அந்த அறிவுரையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கருத்து அலுவலகத்துக்குப் போய் முதல் வேலையாக ஒரு வரி எழுதினான். 'இவர் என் அம்மா என்றால் பட்டனைக் காட்டு.' அங்கே யாரும் தனியாக ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது, இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். படித்தவன் பக்கத்து மேசைக்காரன், நல்ல பையன்.

"நல்லா இருக்கு" என்று எழுதி அனுப்பினான். "ஆனா 'அம்மா'ன்னு மட்டும் எழுதினா குறுகலா இருக்கு. நாளைக்கு அப்பாவுக்கும் தேவைப்பட்டா? 'பெற்றோர்'னு பொதுவாக்கிடலாமே."

பொதுவாக்கினான். இரண்டாவது ஆள் படித்தார். பெற்றோர் என்றால் மாமனார் மாமியார் உண்டா என்று கேட்டார். அவர்களையும் சேர்த்தான். அப்படியானால் சித்தி, பெரியப்பா, அத்தை எல்லோரும் என்ன பாவம் செய்தார்கள் என்று மூன்றாவது ஆள் கேட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பியா, மனைவியின் அப்பாவா, அத்தையின் கணவரா என்று ஒரு பெரிய விவாதம் கிளம்பி இரண்டு நாள் நடந்தது. ஒரு வரியாகத் தொடங்கியது 'உறவுமுறை இயந்திரம்' என்ற பெயரில் தனித் திட்டமாகிவிட்டது. அதற்கு ஒரு டீம் ஒதுக்கினார்கள். டீமுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு அறை. ஒன்றுவிட்ட சகோதரர்களை எப்படி வகைப்படுத்துவது என்று ஆலோசனை சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அம்மாவுக்கு எப்போது பட்டன் வரும் என்று கருத்து கேட்டான். முதல் கட்டத்தில் சகலைகளை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம் என்றார்கள்.

இதற்குள் அம்மா முழுதாக ஒரு வாரப் பயிற்சியைத் தவறவிட்டிருந்தாள். போனில் குரல் இறங்கியிருந்தது. "காலை நீட்டினா நீட்டினபடியே நிக்குதுடா" என்றாள். "பரவாயில்ல, நீ வேலையைப் பாரு. நான் அழுத்திட்டுதான் இருக்கேன்."

அவன் சோதனை மன்றத்தின் முன் போய் நின்றான். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் தலைவி, அவருக்குப் பக்கத்தில் புள்ளிவிவரக்காரர். வாசகத்தை எழுந்து நின்று படித்தார்கள். உட்கார்ந்தார்கள்.

"எங்க அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அவங்களை மட்டும் இந்தச் சோதனையிலேருந்து எடுத்துடுங்க. அவங்களுக்குப் பட்டன் வேணும்" என்றான்.

தலைவி அவனைப் பரிவோடு பார்த்தார். "எனக்குப் புரியுது. எனக்கும் அம்மா இருக்காங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, இதுல இருக்கிற எல்லாருமே யாருக்காவது அம்மா, இல்லன்னா அப்பா. அப்படிப் பாத்து எடுக்க ஆரம்பிச்சா சோதனையில மிச்சம் யாரு இருப்பாங்க? யாருக்கும் வேண்டாதவங்கதான் இருப்பாங்க. அவங்களை வெச்சு ஒரு முடிவுக்கு வந்தா அது எவ்வளவு பெரிய அநியாயம்."

"அவங்க நடக்க முடியாதவங்க மேடம்."

"நடக்க முடிஞ்சவங்க நம்ம வாடிக்கையாளரே கிடையாதே" என்றார் தலைவி மென்மையாக.

புள்ளிவிவரக்காரர் இடையில் வந்தார். மனிதர்களின் முகத்தைப் பார்த்தால் கூச்சப்படுகிறவர் அவர். திரையைப் பார்த்துத்தான் பேசுவார். "நம்மகிட்ட பேர் கிடையாது. அந்தரங்கத்தை ரொம்ப மதிக்கிறோம். இவங்க உங்க அம்மாங்கிறது எங்களுக்குத் தெரியவே கூடாது. நீங்க இப்ப சொன்னதையே நாங்க கேக்கலன்னு வெச்சுக்குவோம்."

கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அவன் வெளியே வந்தான். கோபத்தில் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தான். அந்தக் கதவில் கைப்பிடி இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். இவன் பக்கம் இல்லை.

அடுத்த வாரம் அலுவலகமே அமர்க்களப்பட்டது. கேக் வந்தது, பலூன் வந்தது. பெரிய திரையில் ஒரு கோடு தரையில் படுத்திருந்து திடீரென்று கூரையை நோக்கிப் பாய்ந்தது. பட்டன் உள்ளவர்கள் எப்போதும் போல ஒரு தடவை திறந்து போய்விடுகிறார்கள். பட்டன் இல்லாதவர்களோ திறக்கிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி திறக்கிறார்கள், திரையில் எல்லா இடத்திலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள், மணிக்கணக்கில் இருக்கிறார்கள்.

"இதுக்குப் பேருதான் பாசம்" என்றார் நிறுவனர். "நாம பட்டனைக் கொடுத்தப்ப அவங்க நம்மளை உபயோகிச்சாங்க. எடுத்ததுக்கப்புறம்தான் நேசிக்கிறாங்க."

புள்ளிவிவரக்காரர் அதிலும் உச்சியில் இருந்த ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினார். மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே தனியாக இருந்தது. "இவங்க யாருன்னு தெரியாது. ஆனா அபூர்வமான பயனர். காலையில எழுந்த உடனே நம்மகிட்டதான் வர்றாங்க. அந்தப் படத்துல இருக்கிற பொண்ணோட மூக்கை மட்டும் தனியா எவ்வளவு தடவை தொட்டிருக்காங்க பாருங்க. மத்தியானம் சாப்பிட்டு ஒரு சின்னத் தூக்கம். அப்புறம் நாலு மணி டீ முடிஞ்ச மாதிரி புது உற்சாகத்தோட திரும்பி வர்றாங்க. ராத்திரி ஏழு மணிக்கு ஒரு இடைவெளி, அரை மணி நேரம். சீரியல் பாக்குறாங்கன்னு நினைக்கிறேன்."

கருத்து கையில் இருந்த கேக்கைக் கீழே வைத்தான். அந்தத் தூக்கம் அவனுக்குத் தெரியும், அந்த டீ தெரியும், அந்த சீரியலும் தெரியும். திரையில் தன் அம்மாவின் ஒரு நாள் முழுதும் புள்ளி புள்ளியாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

"அவங்க பட்டனைத் தேடுறாங்க" என்று சொன்னான்.

"எண் இருக்கா?" என்றது கூட்டம் ஒரே குரலில், அன்போடு.

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அபூர்வப் பயனரை மேடையேற்றிக் கௌரவிப்பது என்று நிறுவனர் முடிவு செய்தார். அந்தரங்கம் என்ன ஆவது என்று யாரோ கேட்டார்கள். கௌரவிப்பதற்காகத் தெரிந்துகொண்டால் அது அந்தரங்கத்தில் வராது என்று சட்டப் பிரிவு எழுதிக் கொடுத்தது. முகவரியை எடுத்து, சாய்தள வண்டி ஒன்றை நேராக அம்மாவின் வாசலுக்கு அனுப்பினார்கள். அம்மா கடைசியில் தன் அழுத்தல் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மருத்துவமனைக்குப் போவதற்காகத் தளர்வான உடையும், ஒரு கையில் துண்டும், மறு கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஏறி உட்கார்ந்தாள். இறங்கியது ஒரு பெரிய அரங்கத்தின் மேடைக்குப் பின்னால்.

இந்த ஏற்பாட்டை ரகசியமாக வைத்திருந்ததால் கருத்துக்கு இது ஒன்றும் தெரியாது. நிரலைச் சுத்தமாக எழுதியவன் என்று அவனையும் மேடைக்கு அழைத்திருந்தார்கள். பரிசுக் கோப்பையைக் கையில் கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் துண்டோடு வந்த அம்மாவைப் பார்த்ததும் கோப்பையோடு ஓர் அடி முன்னால் வந்தான்.

நிறுவனர் மைக்கைப் பிடித்தார். "நம்ம குடும்பத்தோட மிகப் பெரிய ரசிகை இவங்கதான். ஒரு சின்ன மாற்றம்தான் செஞ்சோம். பச்சைப் பட்டனை எடுத்தோம். எடுத்ததும் எவ்வளவு நெருங்கி வந்துட்டாங்க பாருங்க. இதோ நிக்கிறாரே, இவர்தான் தன் கையால அந்தப் பட்டனை எடுத்தவர். இவர் கையாலேயே பரிசைக் கொடுக்கச் சொல்றேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் கோப்பையை, பிறகு அதைப் பிடித்திருந்த கையை, பிறகு முகத்தை.

"நீயாடா?" என்றாள். மைக் அதை அரங்கத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. எவ்வளவு உரிமையோடு பேசுகிறார்கள் என்று தலைவி கண்ணைத் துடைத்தார்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் ஒரு துணிச்சலும் வந்தது. மைக்குக்குப் பக்கத்தில் போனான். "இவங்க எங்க அம்மா. இவங்களுக்கு இந்த ஆப் மேல பாசமெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட பட்டன் வேணும், அது கிடைக்காம அழுத்தி அழுத்திப் பாத்திருக்காங்க. நாம செஞ்சது தப்பு. நான் செஞ்சது தப்பு."

நிறுவனர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். "இவருக்கு ஆபீஸ்ல என்ன பேர் தெரியுமா?" என்று கூட்டத்தைக் கேட்டார்.

"கருத்து" என்றது கூட்டம். எல்லோரும் சிரித்தார்கள். மனம்விட்டு, நல்லெண்ணத்தோடு சிரித்தார்கள்.

"அம்மாவையே கேட்டுடுவோம்" என்று நிறுவனர் அவள் பக்கம் குனிந்தார். "சொல்லுங்கம்மா, தினமும் எங்ககிட்ட வர்றீங்களே, எதுக்கு வர்றீங்க?"

"தேடிட்டு வந்தேன்" என்றாள் அம்மா.

"தேடல்" என்றார் நிறுவனர் கூட்டத்தைப் பார்த்து. அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் அரங்கத்துக்குப் புல்லரித்தது. பின்னால் திரையில் யாரோ அதை உடனே பெரிய எழுத்தில் போட்டார்கள். "இனி நம்ம கம்பெனியோட வாசகமே இதுதான். கேட்டது கிடைச்சுட்டா வாழ்க்கையில சுவை ஏது? நாம கொடுக்கிறது வண்டி இல்ல, தேடல். அடுத்த வாரத்திலேருந்து எல்லாருக்கும் அந்தப் பட்டனை எடுத்துடுறோம்."

கருத்து மறுபடியும் வாயைத் திறந்தான். அம்மா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். தொலைபேசி நிலையத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேரோடு பேசிப் பழகியவள். யாரை எங்கே இணைத்தால் காரியம் நடக்கும் என்று ஒரு கணத்தில் கணக்குப் போட்டிருந்தாள்.

"ஐயா" என்றாள் நிறுவனரிடம். "என்னைக் கூட்டிட்டு வந்த வண்டி திரும்ப வருமா?"

"நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வரும்மா. உங்க அனுபவத்தை எங்க ஆளுங்ககிட்ட வந்து சொல்லணும். மாசம் ஒரு தடவை வந்தா போதும்."

"வாரம் மூணு தடவை வர்றேன். காலையில. எனக்குச் சொல்றதுக்கு நிறைய இருக்கு. வர்ற வழியில ஆஸ்பத்திரியில ஒரு மணி நேரம் இறக்கி விட்டா போதும்."

நிறுவனர் நெகிழ்ந்துபோனார். வாரம் மூன்று தடவை வரும் பயனரை அவர் கனவிலும் கண்டதில்லை. அங்கேயே, மேடையிலேயே, ஒப்புக்கொண்டார். அம்மா மகனைப் பார்த்தாள். இப்போது அவன் ஒரு வார்த்தை பேசினால் இந்த வண்டியும் போய்விடும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அவன் கோப்பையை அவள் மடியில் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டான். அவனுக்கு அப்போதும் ஒரு கருத்து இருந்தது, வாழ்நாளிலேயே அவ்வளவு உறுதியான கருத்து இருந்ததில்லை. அதை விழுங்கினான்.

திரும்பும் வண்டியில் அம்மா பரிசுக் கோப்பையைக் காலடியில் வைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றான்.

"அந்தச் சிரிக்கிறவ மூக்கை எவ்வளவு தடவை அழுத்தியிருப்பேன் தெரியுமா?" என்றாள். "என் கண்ணு போச்சுன்னு நெனச்சு புதுக் கண்ணாடிக்கு வேற சொல்லியிருக்கேன். என் புத்தி போச்சோன்னுகூட பயந்துட்டேன்டா. சொல்லியிருக்கலாம்ல, எடுத்தது நான்தான்னு."

அவள் கொஞ்ச நேரம் கழித்து அவன் கையைத் தட்டினாள். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை, எடுத்துக்கொண்டான்.

வண்டி வந்தது, சொன்னபடி வந்தது. முழங்கால் மெல்ல இளகியது, மடங்கியது. பயிற்சி கொடுப்பவர் தப்பித்தீர்கள் என்றார். வண்டி கிடைக்காததற்காகப் பரிசு வாங்கியவளுக்கு அந்தப் பரிசின் பேரில் வாரம் மூன்று தடவை வண்டி கிடைத்தது. அலுவலகத்தில் அவள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டார்கள். 'பட்டனைத் திரும்ப வையுங்க' என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஒரே கருத்தையே சொல்லும் உறுதியான பயனர் என்று அதையும் ஒரு வரைபடத்தில் போட்டார்கள். அதுவும் ஏறியது.

ஒரு நாள் கருத்து லீவு போட்டுவிட்டு அம்மாவோடு மருத்துவமனைக்குக் கிளம்பினான். வண்டி வாசலில் நின்றது. அம்மா பிடிமானம் இல்லாமல் தானே காலை மடக்கி ஏறி உட்கார்ந்தாள். அவனுக்கு அதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. அப்போது கீழ்வீட்டு டீச்சர் ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார். இன்னொரு கையில் போன்.

"தம்பி, என் பட்டனைக் காணோம்பா" என்றார். "நான்தான் எங்கயோ கை பட்டு அழிச்சிட்டேன் போல. வயசாச்சு பாரு. ஆஸ்பத்திரிக்குப் போய் எவ்வளவு நாளாச்சு."

"டீச்சரும் ஏறட்டுமே" என்றான் கருத்து ஓட்டுநரிடம். ஓட்டுநர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். கௌரவிக்கப்பட்ட பயனர் ஒருவர், துணைக்கு ஒருவர், அவ்வளவுதான் வண்டி ஒப்புக்கொள்ளும். மூன்றாவது ஆள் ஏறினால் அது நகராது. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

கருத்து இறங்கப் போனான். டீச்சர் தடுத்துவிட்டார். துணைக்கு வந்த மகனை அக்காவிடமிருந்து பிரிக்க மாட்டேன் என்றார். இன்றைக்குத் துணை என்று பதிந்த முகம் இவனுடையது, வேறு முகத்தை வண்டி ஏற்காது என்று ஓட்டுநரும் சொன்னார்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். கிண்டலே இல்லாமல், தனக்குத் தெரிந்த ஒரே வழியை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுக்கும் அக்கறையோடு சொன்னாள். "டீச்சர், அந்தச் சிரிக்கிறவ இருக்கா பாருங்க, அவ மூக்கை அழுத்துங்க. சும்மா அழுத்துங்க. காலையில எழுந்ததும் ஆரம்பிங்க. என்னைவிட அதிகமா அழுத்தினீங்கன்னா ஒரு நாள் மேடையில ஏத்துவாங்க. அன்னைக்கு வண்டியைக் கேட்டு வாங்கிக்குங்க."

டீச்சர் அதைப் பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அழுத்தத் தொடங்கினார்.

வண்டி தெருமுனை திரும்பும்போது கருத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். கோடு மறுபடியும் மேலே பாய்ந்த ஒரு வரைபடம், அதன் கீழே வரிசையாக வாழ்த்துகள், பலூன்கள்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."